காலை வானொலியில் இருவர் அரட்டை: செட்டிநாட்டு நேயர்களுக்காக ஒரு நிகழ்ச்சியை உருவாக்கும் முழுமையான வழிகாட்டி

காலை நேர வானொலியில் இருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கும்போது, வாய்க்கு வந்ததையெல்லாம் அவர்கள் பேசுகிறார்கள் என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காரைக்குடிப் பக்கத்துச் சமுதாய வானொலி ஒன்றில், ஓய்வு பெற்ற ஆசிரியையான ஓர் ஆச்சியோடு சேர்ந்து காலை நிகழ்ச்சி நடத்தத் தொடங்கிய முதல் வாரத்தின் ஒலிப்பதிவைப் பிறகு போட்டுக் கேட்டபோது, ஒரு மணி நேரத்தில் "அப்புறம்" என்ற சொல் நாற்பது முறைக்கு மேல் வந்திருந்தது. எங்கள் சிரிப்பின் காரணம் எங்கள் இருவருக்கு மட்டுமே புரிந்திருந்தது. அரட்டை என்பது முக்கால் பங்கு முந்தைய இரவே முடிந்துவிட வேண்டிய வேலை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை, இப்பகுதியில் வானொலி தொடங்க விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: எந்த நேரத்தில் யார் கேட்கிறார்கள் என்று வீதியில் நடந்து பாருங்கள்

சமுதாய வானொலியின் ஒலிபரப்பு ஆற்றல் பொதுவாக 100 வாட் அளவில் இருப்பதால், நிலப்பரப்பைப் பொறுத்து ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து கிலோமீட்டர் வரைதான் குரல் தெளிவாகப் போய்ச் சேரும். இதைக் குறை என்று நினைக்க வேண்டியதில்லை. உங்கள் நேயர்கள் அனைவரையும் ஒரே வாரத்தில் சைக்கிளில் சென்று பார்த்துவிடலாம் என்ற வசதி, சென்னையில் இருக்கும் பெரிய பண்பலை நிலையங்களுக்குக் கிடையாது. ஆகவே எழுதத் தொடங்கும் முன்பு, விடியற்காலையில் ஒருமுறையும் எட்டு மணி வாக்கில் ஒருமுறையும் கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

ஆறு மணிக்குத் தேநீர்க் கடைக்காரரும், பால்காரரும், சென்னைக்குப் போகும் பல்லவன் ரயிலுக்கு ஆள் ஏற்றிவிட்டுத் திரும்பும் ஆட்டோ ஓட்டுநரும் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேகமான பேச்சு வேண்டாம். மணி என்ன, வானம் எப்படி, நல்ல பழைய பாட்டு ஒன்று என்பதே போதும். ஏழு மணிக்கு வானொலி சமையற்கட்டுக்கு நகர்ந்துவிடுகிறது. ஒரு கை இட்லித் தட்டிலும் மறு கை பிள்ளையின் சடையிலும் இருக்கும் அந்த அம்மாவுக்கு, இடையில் இரண்டு வாக்கியம் காதில் விழாமல் போனாலும் புரிகிற விதத்தில் பேச வேண்டும். எட்டு மணிக்கு மேல் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் மின்வேதியியல் ஆய்வகத்துக்கும் கடைகளுக்கும் போகிறவர்கள் வண்டியில் கேட்கிறார்கள்; ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் புதிதாக உள்ளே வருவார், ஒருவர் இறங்கிப் போவார்.

நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு; அதை வெளியூர்க்காரர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், இங்கே ஏழு மணி என்றால் அங்கே ஒன்பதரை. அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் மகன் ஒரு போன் போடுவான். அந்த ஐந்து நிமிட அழைப்புக்கு முன்னும் பின்னும் வீட்டில் கேட்கும் மனிதக் குரல் பெரும்பாலும் வானொலியுடையதுதான். ஏழு மணி அடித்து ஐந்து நிமிடம் ஆனதும் நாங்கள் எப்போதும் பாட்டைத்தான் போடுவோம். அந்த நேரத்தில் நாங்கள் பேசினால் வானொலியை அணைத்துவிட்டுப் போனை எடுப்பார்கள், பாட்டு ஓடினால் சத்தத்தை மட்டும் குறைத்துவைப்பார்கள்.

இரண்டாம் படி: ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு நகைச்சுவையாளர்களைச் சேர்த்துவிட்டால் நிகழ்ச்சி கெட்டுவிடும் என்பது என் கருத்து. ஒருவர் சொல்பவராகவும் மற்றவர் கேட்பவராகவும் இருக்க வேண்டும். கேட்பவரின் வேலைதான் கடினமானது, ஏனெனில் நேயர் மனத்தில் எழும் கேள்வியை அவர்தான் உரிய நொடியில் கேட்க வேண்டும். ஒரே வயது, ஒரே தெரு, ஒரே கல்லூரி என்று அமைந்த ஜோடிக்குப் பேச்சு சீக்கிரம் வற்றிப்போகும். எங்கள் ஜோடியில் ஆச்சிக்கு அறுபத்தைந்து வயது, எனக்கு அப்போது முப்பத்திரண்டு. அவருக்கு ஓ.டி.டி. தளம் தெரியாது, எனக்கு மனகோலம் என்ற பலகாரம் செய்யத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் பேச்சு பிறக்கிறது.

ஒருவரையொருவர் அழைக்கும் விதத்தை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள். நான் "ஆச்சி" என்றும் "நீங்க" என்றும் சொல்வேன். அவர் "தம்பி" என்பார், சில நேரம் "நீ" என்பார், ஒருபோதும் "டா" சொல்ல மாட்டார். அவருக்குச் சொல்ல உரிமை உண்டு என்றாலும், ஒலிபரப்பில் அந்த ஓர் எழுத்து நேயர்களில் பாதிப் பேருக்கு உறுத்தும் என்று அவரே முடிவு செய்தார்.

மூன்றாம் படி: பொருளைச் சேகரியுங்கள்

அன்றாட வாழ்க்கை பற்றிய பேச்சுக்குப் பொருள் தேடி இணையத்தில் அலைய வேண்டாம். ஒரு சிறு குறிப்பேட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கருத்துகளை எழுதாமல், கண்ணில் பட்ட காட்சிகளை மட்டும் எழுதுங்கள். "இக்காலத்தில் குடும்பங்களில் தொடர்பு குறைந்துவிட்டது" என்று எழுதினால் அது மேடைப்பேச்சாகும். "குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எண்பது பேர் இருக்கிறார்கள்; பெரியப்பச்சி (பெரியப்பா) தினமும் நாலரை மணிக்கு ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறார்; ஒருநாள் அனுப்பவில்லை என்றதும் எண்பது பேரும் போன் போட்டுவிட்டார்கள்" என்று எழுதினால் அது நாளைய லிங்க். இரண்டு பாடல்களுக்கு இடையே அறிவிப்பாளர் பேசும் துண்டை வானொலிக்காரர்கள் லிங்க் என்றுதான் சொல்வார்கள். இக்கட்டுரையிலும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

இந்த மண்ணில் லிங்குக்குப் பஞ்சமே கிடையாது. முப்பது பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு வீட்டின் சாவி இன்று யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் படப்பிடிப்புக் குழு வேறு ஊருக்குப் போய்விடுகிற கதை ஒன்று போதும், ஒரு வாரம் ஓட்டலாம். கல்யாணத்துக்குப் பரப்பிய சாமான்களில் எட்டுக் குழிப்பணியாரச் சட்டிகள் இருக்க, வீட்டில் எரிவாயு அடுப்புக்கு ஏற்றதாக ஒன்றுகூட இல்லாதது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டு, அதில் முதலில் நடந்த மருமகன் வழுக்கியது. பிள்ளையார் நோன்பன்று எரியும் திரியோடு இழை மாவை வாயில் வாங்கிக்கொள்ளும்போது திரி அணையாமல் இருக்க வேண்டுமே என்று ஒவ்வொரு சிறுவனும் படும் பாடு. பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிய முதல் நாளே குன்றக்குடியில் புதுச் செருப்பு கடித்து, மிச்சத் தூரத்தை அதைக் கையில் பிடித்தபடியே நடந்த நண்பர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செட்டிநாடு என்றால் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் மட்டும் அல்லர். கண்டாங்கி நெய்பவர்களும், கல் வார்க்கும் தொழிலாளர்களும், தச்சர்களும், விருந்து சமைக்கும் சமையல்காரர்களும், வயலில் இருப்பவர்களும், பள்ளிவாசல் தெருவில் இருப்பவர்களும் சேர்ந்ததுதான் இந்த ஊர். அப்பச்சி (அப்பா), ஆத்தா (அம்மா), வளவு (முற்றமுள்ள உட்பகுதி), முகப்பு (வீட்டின் முன்பகுதி) என்று நகரத்தார் வீட்டுச் சொற்களாகவே நிகழ்ச்சி முழுவதும் ஓடினால், மற்றவர்களுக்கு அது அடுத்த வீட்டு விசேஷத்தின் மைக் சத்தமாகத்தான் கேட்கும். வாரத்துக்கு எத்தனை லிங்குகள் யார் வீட்டு வாழ்க்கையிலிருந்து வந்தன என்று குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு எண்ணிக்கொள்வது எங்கள் பழக்கம்.

நான்காம் படி: கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் லிங்கை எப்படித் தொடங்குவது என்று யோசிக்கிறார்கள். தொடங்குவது எளிது, முடிப்பதுதான் வராது. முடிவு தெரியாமல் பேசத் தொடங்கியவர்கள், சிரிப்பு வந்த இடத்தைத் தாண்டியும் அரை நிமிடம் பேசிக்கொண்டே போய், "சரி, ஒரு பாட்டு கேட்கலாம்" என்று தளர்ந்த குரலில் ஒதுங்குவார்கள். கடைசி வரியை எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: அந்த வரிக்குச் சிரிப்பு வர நேயருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? அவற்றை மட்டும் முன்னால் வையுங்கள். மற்றதை எல்லாம் அடித்துவிடுங்கள்.

எங்கள் லிங்க் ஒன்றை அப்படியே தருகிறேன். எழுதி வைத்தது பேச்சு வழக்கில்தான்.

"தம்பி, சென்னையிலேருந்து பேத்தி வந்திருக்கா. வெள்ளைப் பணியாரம் சுட்டு வச்சேன், தொடவே இல்லை."

"ஏன் ஆச்சி, பிடிக்கலையாமா?"

"பிடிக்குமாம். ஆனா மொதல்ல போட்டோ எடுக்கணுமாம். இங்க வெளிச்சம் பத்தலைன்னு தட்டைத் தூக்கிக்கிட்டு வளவுக்குப் போனா. அங்க நெழலு விழுதுன்னு முகப்புக்குப் போனா."

"நல்லதுதான், பணியாரம் வீட்டைச் சுத்திப் பாத்துருச்சு."

"எல்லாம் முடிஞ்சு வந்து ஒரு கடி கடிச்சிட்டு, 'ஆயா, என்ன இப்படி ஆறிப்போயிருக்கு'ங்குறா."

"நீங்க என்ன சொன்னீக?"

"'போட்டோவைத் தின்னு, அது சூடா இருக்கும்'னேன்."

அந்தச் சொல்லின் மேலேயே பாட்டு தொடங்கிவிட வேண்டும். நான் சிரிக்கக்கூட இடம் விடவில்லை. நேயர் சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். முதலில் எழுதியது கடைசி வரிதான். அது எடுபட வேண்டுமானால் மூன்று செய்திகள் போதும்: பணியாரம் சூடாகத் தின்ன வேண்டியது, பேத்தி படம் எடுக்க அலைந்தாள், அதற்குள் ஆறிவிட்டது. முதல் வரைவில் மாவு அரைத்த பக்குவம், உடன் வைத்த வரமிளகாய்த் துவையல், பேத்தி படிக்கும் படிப்பு எல்லாம் இருந்தன, எல்லாவற்றையும் வெட்டினோம். முழு லிங்கும் முக்கால் நிமிடத்துக்குள் முடிகிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும் எந்த லிங்கும் தன் நீளத்துக்குத் தகுந்த காரணம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "ஆயா" என்றால் அது மகள் வயிற்றுப் பேத்தி. மகன் பெற்ற பேத்தி என்றால் "அப்பத்தா" என்றிருக்க வேண்டும். முன்பொருமுறை இதை மாற்றிச் சொல்லிவிட்டு, அன்று காலை முழுவதும் வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போனோம். பங்குச்சந்தை நிலவரத்தைத் தவறாகச் சொன்னால்கூட இந்த ஊர் மன்னிக்கும், உறவுமுறையைத் தவறாகச் சொன்னால் மன்னிக்காது.

ஐந்தாம் படி: யாரைச் சிரிப்பது என்று முடிவு செய்யுங்கள்

மேலே உள்ள லிங்கில் பேத்தி கேலிக்குள்ளாவதாகத் தோன்றினாலும், பணியாரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்து ஏமாந்தவர் ஆச்சிதான். நகைச்சுவையின் பாரத்தைப் பேசுபவரே சுமந்துகொள்வது பாதுகாப்பானது. பெருநகர வானொலியில் யாரோ ஒருவரைக் கிண்டல் செய்தால் அவர் யாரோதான். இங்கே நூறு வாட் எல்லைக்குள் எல்லாரும் எல்லாருக்கும் உறவு, இல்லாவிட்டால் ஒரே பள்ளி, அதுவும் இல்லாவிட்டால் ஒரே சந்தை.

நாங்கள் ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள், பந்தியில் இலை போட்டு அரை மணி நேரமாகியும் பரிமாற ஆள் வராததையும், பசியில் ஒருவர் வெறும் உப்பைத் தொட்டு நக்கியதையும் பேசினோம். பெயர் சொல்லவில்லை; ஊரின் பெயரை மட்டும் சொன்னோம். அந்த ஊரில் அன்று நடந்தது ஒரே ஒரு கல்யாணம் என்பதை யோசிக்கவில்லை. பத்து மணிக்குப் பெண்ணின் சித்தப்பா நிலையத்துக்கு வந்துவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். "சமையல்காரருக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, நாங்களே மனசு ஒடஞ்சு கெடக்கோம்" என்று மட்டும் சொன்னார். ஆச்சி அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய் வந்தார். அதற்குப் பிறகு ஊர், நாள், தொழில் ஆகிய மூன்றில் இரண்டையாவது மாற்றாமல் எந்த நிகழ்ச்சியையும் நாங்கள் லிங்காக்கியதில்லை.

உடல்வாகு, நிறம், சாதி, மாமியார் மருமகள் சண்டை, பிள்ளை இல்லாமை, திருமணம் தள்ளிப்போதல் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். இவை இல்லாமல் நகைச்சுவை வராது என்று சொல்பவரைக் காலை நிகழ்ச்சிக்கு எடுக்காதீர்கள்.

தொலைபேசியில் ஆளை ஏமாற்றிச் சிரிக்கும் பகுதியும் அப்படித்தான். 2012 டிசம்பரில் ஆஸ்திரேலிய வானொலி அறிவிப்பாளர்கள் இருவர், இங்கிலாந்து அரசியும் இளவரசரும் பேசுவதாகச் சொல்லி லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்தார்கள். அந்த அழைப்பை முதலில் எடுத்து இணைத்துவிட்ட, இந்தியாவில் பிறந்த செவிலியர் சில நாள்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். நேயருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவர் ஒப்புதலோடு பதிவு செய்து, அவரும் சேர்ந்து சிரிக்கிற அழைப்பை மட்டும் ஒலிபரப்புங்கள்.

ஆறாம் படி: சினிமா, கிரிக்கெட், தொலைக்காட்சி

வெகுமக்கள் கலை பற்றிப் பேசாமல் காலை நிகழ்ச்சி நடத்த முடியாது. ஆனால் அந்தச் செய்தி நேயர் கைப்பேசியில் நேற்றிரவே வந்துவிட்டிருக்கும். முன்னோட்டம் வெளியானது, பாடல் இத்தனை பார்வைகளைத் தாண்டியது என்று வாசிப்பது வீண் வேலை. அதை இந்த ஊருக்குக் கொண்டுவந்து பேசுவதுதான் உங்கள் வேலை. அதற்கு நமக்கு நல்ல அடித்தளம் உண்டு. ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர், அவருடைய படப்பிடிப்புத் தளம் 1940களில் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் இயங்கிவிட்டுத்தான் கோடம்பாக்கம் போனது. கண்ணதாசன் 1927 ஜூன் 24 அன்று பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். இன்றும் கானாடுகாத்தான் தெருக்களில் படக்குழுவின் வண்டி நிற்கிறது. திரையில் ஜமீன்தார் மாளிகையாக வருவது யார் வீட்டு முகப்பு என்று கண்டுபிடிக்கும் போட்டி ஒன்றை வாரம் ஒருமுறை வைத்தோம். படத்தின் கதாநாயகன் பெயரை மறந்தவர்கள்கூடத் தூணைப் பார்த்து வீட்டைச் சொன்னார்கள்.

கதையின் முடிவை ஒருபோதும் சொல்லாதீர்கள். இரு நடிகர்களின் ரசிகர்களை மோதவிடாதீர்கள். அன்று அழைப்புகள் குவியும், மறுநாள் நல்ல நேயர்கள் போயிருப்பார்கள். ஐ.பி.எல். நாள்களில் தோற்ற அணியின் ஆதரவாளராக ஜோடியில் ஒருவர் இருப்பது நல்லது. ஆச்சிக்குக் கிரிக்கெட் விதிகள் தெரியாது என்பதால், "நோ பால்னா பால் இல்லைன்னு அர்த்தமா தம்பி, அப்ப எதை அடிச்சாக?" என்று அவர் கேட்ட கேள்வியே எங்கள் கிரிக்கெட் பகுதியாக நிலைத்துவிட்டது.

நம் மூத்த நேயர்களின் காது 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியிலும், கடல் கடந்து வந்த இலங்கை வானொலியிலும் பழகியது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முன்னால் "பளம்", "வாள்க்கை" என்று சொன்னால், அவர்கள் நகைச்சுவையைக் கேட்க மாட்டார்கள், எழுத்துப்பிழையைத்தான் கேட்பார்கள். பேச்சு வழக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ழகரத்தை விட்டுவிடக் கூடாது.

ஏழாம் படி: விதிகள்

சமுதாய வானொலிக்கும் தனியார் பண்பலைக்கும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர் அறிவிப்பு, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, உள்ளூர் விழா ஆகியவை செய்திக் கணக்கில் வராதவை என்பதால் தாராளமாகப் பேசலாம். அரசியலை நகைச்சுவை என்ற பெயரில்கூட உள்ளே விடாதீர்கள். திரைப்பாடல்களுக்கு இரட்டை உரிமை உண்டு: பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைக்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு, ஒலிப்பதிவு உரிமைக்கு பி.பி.எல். என்ற அமைப்பு அல்லது தொடர்புடைய இசை நிறுவனம். ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு மற்றதை மறப்பது பலர் செய்யும் பிழை. சமுதாய வானொலிக்கு விளம்பர நேரம் 2024 முதல் மணிக்கு 12 நிமிடம் வரை உண்டு. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும்.

எட்டாம் படி: அறையும் மைக்கும்

பழைய செட்டிநாட்டு வீட்டின் கூடத்தில் ஒலிப்பதிவு செய்தால் அழகாக இருக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்த சுவர், கல் பதித்த தரை, உயர்ந்த கூரை ஆகிய மூன்றும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கும். கோயில் மண்டபத்தில் நின்று பேசுவது போல இருக்கும். அதே வீட்டில் மெத்தையும் பாயும் தலையணையும் அடுக்கி வைத்த உள்ளறை ஒன்று இருக்கும். அதுதான் நல்ல ஒலிப்பதிவுக் கூடம். சன்னலுக்கு ஒரு கனமான சமுக்காளத்தைத் தொங்கவிட்டால் போதும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இரண்டு மைக்குகளுக்கு இடையே அதைப்போல் மூன்று மடங்காவது தூரம் இருந்தால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் கலந்து குழம்பாது. மைக்கை நேராக வாய்க்கு எதிரே வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள், ஏனெனில் சொல்லின் முதலில் வரும் பகரம் காற்றை உந்தித் தள்ளி "டப்" என்று வெடிக்கும். பணியாரம், பால்பணியாரம், பள்ளத்தூர், பிள்ளையார்பட்டி என்று இந்த வட்டாரமே பகரத்தில் தொடங்குவதால், மைக்குக்கு முன்னால் பாப் ஃபில்டர் மாட்டாமல் செட்டிநாட்டைப் பற்றிப் பேச இயலாது. இருவரும் ஹெட்போன் அணிந்திருக்க வேண்டும். சிரிக்கும்போது முகத்தை மைக்கிலிருந்து திருப்பிக்கொள்ளப் பழகுங்கள். ஆச்சிக்கு இது வர ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை அவர் சிரிக்கும்போதெல்லாம் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இழுப்பதே என் வேலையாக இருந்தது.

ஒன்பதாம் படி: ஒலிபரப்பு நேரத்தில்

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: பாடல்கள் ஏழு, ஏறத்தாழ முப்பது நிமிடம், விளம்பரம் அதிகபட்சம் பன்னிரண்டு, லிங்குகள் ஆறு, அவற்றுக்குப் பன்னிரண்டு, மிச்சத்தில் வானிலையும் அறிவிப்புகளும். இதைக் கியூ ஷீட் எனப்படும் நிகழ்ச்சி வரிசைத் தாளில் நிமிடக் கணக்கோடு எழுதி இருவர் முன்னாலும் ஒட்டிவையுங்கள்.

பாட்டின் முன்னிசைமேல் பேசுவது ஒரு தனிக்கலை. பாடகர் குரல் எடுக்கும் நொடிக்கு முன்பே வாயை மூடிவிட வேண்டும். பாட்டின்மேல் பேச்சு ஏறினால் நேயருக்கு வரும் எரிச்சல் அடுத்த மூன்று லிங்குகளுக்குத் தீராது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னிசை எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்து அளந்து பட்டியலில் எழுதுங்கள். பழைய பாடல்களில் சிலவற்றுக்கு முன்னிசையே இல்லை, எடுத்த எடுப்பில் குரல் வந்துவிடும். அவற்றுக்கு முன்பு பேச்சை முழுதாக முடித்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு போடுங்கள்.

லிங்க் தடுமாறினால் இருவரில் ஒருவர் மேசையைத் தொட வேண்டும் என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மேசை தொடப்பட்டால் அந்த வாக்கியத்தோடு பாட்டு. சொன்ன நகைச்சுவைக்கு விளக்கம் சொல்லாதீர்கள். நேயர்களின் குரல் பதிவுகளை முன்னரே கேட்டு, அனுமதி கேட்டு, வெட்டி வைத்துக்கொண்டு போடுங்கள். நேரலை அழைப்பை எடுத்தால் ஒருவர் கை எப்போதும் ஃபேடரில் இருக்க வேண்டும். எங்களுக்கு நேரலையில் வந்த முதல் அழைப்பே, எரிவாயு உருளை பதிவு செய்ய நினைத்து எண்ணை மாற்றிப் போட்ட ஒரு பெரியவருடையது. ஆச்சி பதறாமல் முகவரியைத் தவிர மற்றெல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டார். திட்டமிட்டது எதுவும் அன்று அதற்கு ஈடாகவில்லை. ஆனால் திட்டம் கையில் இருந்ததால்தான் அவருக்கு அந்த நிதானம் வந்தது.

பத்தாம் படி: மறுபடியும் கேளுங்கள்

வாரம் ஒருநாள், இருவரும் சேர்ந்து, ஒரு மணி நேரப் பதிவை நிறுத்தாமல் கேளுங்கள். கையில் தாளை வைத்துக்கொண்டு, சொன்னதையே சொன்ன இடம், இருவரும் ஒரே நேரத்தில் பேசிய இடம், நாம் மட்டும் சிரித்த இடம் ஆகிய மூன்றை மட்டும் குறியுங்கள். இந்தப் பதிவுகளை மூன்று மாதத்தோடு அழித்துவிடலாம். ஆனால் எந்த லிங்க் எந்தத் தேதியில் போனது என்ற பட்டியலை அழிக்காதீர்கள். நல்ல லிங்கை ஓராண்டு கழித்துச் சற்றே மாற்றி மீண்டும் சொல்லலாம் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். பட்டியலைத் தொலைத்துவிட்டு, பணியார லிங்கை எட்டே மாதத்தில் மீண்டும் போட்டுவிட்டோம். அன்று ஏழு மணி இருபது நிமிடத்துக்குத் தேநீர்க் கடையிலிருந்து அழைப்பு வந்தது.

"ஆச்சி, அந்தப் பேத்தி இன்னுமா போட்டோ எடுத்துக்கிட்டிருக்கு?"